புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்க: ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் படிப்பு பற்றிக் கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கத்து நடுநிலைப் பள்ளிகளில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு தாயார்: டீச்சர், மகன் ஏழாப்பு. தினம் ரெண்டு மணி நேரம் வீடே அதிரப் படிக்கிறான். பரீட்சையில் எல்லாம் மறந்துபோகுது. ஞாபகசக்தி கம்மியோ?

ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை. ஒரே பக்கத்தை நாலு தடவை வாசித்தால் கண்ணுக்குப் பழகிவிடும். அதைத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். ஒரு தடவை வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்பதை வெள்ளைத்தாளில் எழுதட்டும். முதல் நாள் பாதிகூட வராது, திட்டாதீங்க. திறந்து பார்த்து, விட்டதை மட்டும் வேறு மையில் சேர்க்கட்டும். மறுநாள் ஒரு தடவை, மூணு நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை இதையே செய்யணும். படித்ததில் பெரும்பகுதி முதல் ஒரு நாளிலேயே மறந்துபோகும் என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-லேயே எழுதிவிட்டார். உங்க பிள்ளை மட்டும் விதிவிலக்கா என்ன?

பள்ளத்தூர் அப்பத்தா ஒருவர்: மகனும் மருமகளும் சிங்கப்பூரில். பேத்தி ஆறாப்பு, என்னோடு இருக்கா. நான் படிச்சது அஞ்சாப்பு. அவளுக்கு என்னத்தச் சொல்லிக்குடுக்க?

நீங்க சொல்லிக்குடுக்க வேண்டாம் அப்பத்தா, அவளை உங்களுக்குச் சொல்லிக்குடுக்கச் சொல்லுங்க. "எனக்கு வெளங்கலயே, இன்னொரு தரம் சொல்லுடி" என்று கேட்டாலே போதும். சொல்லத் திணறும் இடம்தான் அவளுக்குப் புரியாத இடம்.

பின்னக் கணக்கில் நீங்கதான் அவளுக்கு வாத்தியார். உழக்கு கால் படி, ஆழாக்கு அரைக்கால் படி. வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசி ஊறப்போடும்போது அவளையே அளக்க விடுங்க. மூணு உழக்கும் ஒரு ஆழாக்கும் சேர்ந்தால் படியில் எத்தனை பங்கு? எட்டில் ஏழு. கையால் அளந்த பிள்ளைக்குப் பகுதியைச் சமன்செய்வது தன்னால் புரியும். (அளந்த அரிசியின் தலைமேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்கிற கணக்கு மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை.)

தேவகோட்டை: படிக்கும்போது போனைப் பிடுங்கினால் சண்டை.

பிடுங்காதீங்க. போன் வீட்டு முன்பக்கம் முகப்பில், பிள்ளை உள்ளே வளவில். உங்க போனும் முகப்பில்தான். இருபத்தைந்து நிமிஷம் படிப்பு, அஞ்சு நிமிஷம் எழுந்து நடக்கட்டும்.

புதுவயல்: மகள் அரசுப் பள்ளியில் எட்டாப்பு. என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுத வைக்கலாமா?

கட்டாயம். தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் வரும். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்கணும். மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. ஏழாம் வகுப்புப் பாடமும் வரும், பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீங்க. மனத்திறனுக்குப் பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போட வேண்டும், வேறு வழியில்லை.

கோட்டையூர்: ஆறாப்பில் இங்கிலீஷ் மீடியம் மாற்றினோம். பையன் வாயே திறக்க மாட்டேங்கிறான்.

அறிவியல் பாடத்தை முதலில் தமிழில் பேசிப் புரிந்துகொள்ளட்டும். தமிழ்வழிப் புத்தகத்தையும் வாங்கிப் பக்கத்தில் வைங்க. மாநிலப் பாடத்திட்டத்தில் ரெண்டிலும் பாடம் ஒன்றே. தினம் அஞ்சு இங்கிலீஷ் வார்த்தை கற்றால் போதும். வகுப்பாசிரியரிடம் ஒரு நடை போய், கொஞ்ச நாளைக்கு அவனைத் தமிழில் பதில் சொல்ல விடச் சொல்லுங்க.