கர்ப்பிணியின் கார்ட்டிசாலும் அணில் குரங்கின் கார்ட்டிசாலும்

கேள்வி: அணில் குரங்கின் ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் நம்மைவிடப் பல மடங்கு என்று வகுப்பில் சொன்னார்கள். கர்ப்பிணிகளுக்கும் கார்ட்டிசால் ஏறுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா?
- விலங்கியல் முதுகலை மாணவி, திருநெல்வேலி

பதில்: இல்லை அம்மா, கிட்டத்தட்ட நேர்மாறு.

நம் ரத்தத்தில் கார்ட்டிசால் தனியாகத் திரிவது 5 சதவீதம் அளவுக்குத்தான். மீதியில் பெரும்பகுதியை சிபிஜி என்ற புரதம் பிடித்து வைத்திருக்கும். கொஞ்சம் ஆல்புமினில் ஒட்டிக்கொண்டிருக்கும். செல்லுக்குள் நுழைந்து வேலை பார்ப்பது அந்தத் தனிக் கார்ட்டிசால்தான். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற, கல்லீரல் சிபிஜியைக் கூடுதலாகத் தயாரிக்கும். கடைசி மாதங்களில் அது இரண்டு மடங்கைத் தொடும். பிடித்து வைக்கும் புரதம் கூடினால் பிடிபடுவதும் கூடும். அதனால்தான் ரிப்போர்ட்டில் மொத்த அளவு அப்படி மிரட்டுகிறது. தனிக் கார்ட்டிசாலும் ஏறத்தான் செய்யும், ஆனால் அந்த வேகத்தில் அல்ல.

தென் அமெரிக்கக் காட்டு அணில் குரங்கின் கதை வேறு. அதற்கு சிபிஜியே குறைவு. இருப்பதும் கார்ட்டிசாலை இறுக்கிப் பிடிக்காது. ஆகவே தனிக் கார்ட்டிசால் ஏராளம். அந்த அளவு நமக்கு இருந்தால் முகம் உப்பும், தோல் மெலியும், எலும்பு பலமிழக்கும். அந்தக் குரங்கோ கிளைக்குக் கிளை தாவிக்கொண்டு நன்றாகவே இருக்கிறது. ஹார்மோன் ஆய்வாளர் ஜார்ஜ் குரூசோஸின் குழு 1982இல் காரணத்தைக் காட்டியது: அதன் செல்களில் கார்ட்டிசாலை வாங்கி வேலையைத் தொடங்கவைக்கும் புரதமான ஏற்பி, கார்ட்டிசாலோடு வலுவாகச் சேர்வதில்லை. எஃப்கேபிபி51 என்ற புரதம் அந்தச் செல்களில் மிகுந்திருந்து ஏற்பியை மட்டுப்படுத்துகிறது என்பது பின்னால் தெரியவந்தது. எனக்கு இன்றும் வியப்பு தீராத இடம் இது.

அதனால் ஆய்வுக் குறிப்பு எழுதும்போது 'கர்ப்பிணிக் குரங்கு' என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். எந்த இனம், கர்ப்பத்தின் எத்தனையாவது நாள் என்று குறிப்பிடுங்கள். ரீசஸ் குரங்குக்குக் கர்ப்ப காலம் சுமார் 165 நாள், அணில் குரங்குக்கு 150 நாளையொட்டி. ஒன்றின் கணக்கை மற்றதன் மேல் ஏற்றக்கூடாது. மனிதரின் கணக்கை இரண்டின் மேலும் ஏற்றக்கூடாது.

அப்புறம், ஆய்வகத்தில் சிபிஜி அளக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். நாட்டுக் குரங்கின் சீரத்தில் நான் பழகிய முறை இது: டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைப் பொருள் பூசிய கரித்தூளைச் சேர்த்தால் தனி ஹார்மோனை அது உறிஞ்சிக்கொள்ளும், சுழற்றினால் கரி அடியில் கறுப்பாகப் படியும், புரதத்தோடு இருப்பது மேலே தெளிவாக நிற்கும். ஒருநாள் ஒரே சீரத்தை இரண்டு குழாயில் வைத்து, ஒன்றைப் பத்து நிமிடத்தில் சுழற்றினேன், மற்றதை அரைமணி நேரம் மறந்துவிட்டேன். இரண்டாவதில் மேலே நின்ற ஹார்மோனின் அளவு வெகுவாகக் குறைந்திருந்தது; புரதம் பிடித்திருந்ததையும் கரி மெல்ல இழுத்துவிட்டது. குழாய்களைப் பனிக்கட்டியில் வையுங்கள். கரி சேர்த்த நேரத்தை ஒவ்வொரு குழாய்க்கும் எழுதி வையுங்கள்.