டைனீன் ஜீனில் கோளாறு இருந்தால் குழந்தைக்கு இதய நோய் வருமா?

பையனுக்கு இதயம் வலப்பக்கம், ஜீன் ரிப்போர்ட்டில் டிஎன்ஏஎச்5, அப்படியானால் மாரடைப்பு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாரடைப்பை விடுங்கள், அது ரத்தக்குழாய் அடைப்பு. இந்த ஜீனுக்கு அதில் வேலை இல்லை. பார்க்க வேண்டியது பிறவியிலேயே இதயம் எப்படி அமைந்தது என்பதைத்தான்.

டிஎன்ஏஎச்5 என்பது டைனீனைச் செய்யும் ஜீன்களில் ஒன்று. டைனீன் ஒரு மோட்டார் புரதம். செல்லின் மேலிருக்கும் சிலியா என்ற நுண்மயிரை அசைப்பது அதுதான். கரு சில வாரமே ஆகியிருக்கும்போது, அதில் ஒரு சின்னக் குழியிலுள்ள சிலியா சுழன்று திரவத்தை இடப்பக்கம் தள்ளும். எது இடம், எது வலம் என்று உடம்புக்குத் தெரிவதே அதை வைத்துத்தான். மோட்டார் ஓடாவிட்டால் பூவா தலையா கதைதான். அதனால்தான் சிலியா சரியாக அசையாத இந்த நோய் (பிரைமரி சிலியரி டிஸ்கினீசியா) உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உறுப்புகள் இடம் வலம் மாறியிருக்கின்றன.

எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் முழுசாக மாறியிருந்தால் இதயம் பெரும்பாலும் நன்றாகவே ஓடும். பாதி மாறி, பாதி மாறாமல் கலந்திருந்தால்தான் சிக்கல்: இதயச் சுவரில் ஓட்டை, ரத்தக்குழாய் தவறான இடத்தில் சேருவது, மண்ணீரலே இல்லாமல் போவது. எக்கோவோடு வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்.

கோபியில் என் சித்தப்பா மகளின் குழந்தைக்கும் இதே ஜீன்தான். எக்ஸ்ரே எடுத்தவர் படம் திரும்பிவிட்டது என்று நினைத்து இன்னொரு தடவை எடுத்தார். ரிப்போர்ட் வந்தபோது பெரியம்மா கேட்டது: "மாமன் பையனைத்தானுங்க கட்டுனா, அவங்க வேற கூட்டம், அப்புறம் எப்படிங்க?" கூட்டம் என்கிற குலப்பிரிவு அப்பன் வழியில் மட்டும் வருவது; ஜீன் அப்படிப் பார்ப்பதில்லை. மாமன் மகனும் அத்தை மகளும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு ஜீன்களைப் பகிர்கிறார்கள். இருவரும் பழுதான பிரதி ஒன்றைச் சுமந்தால், தங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லாமலேயே, ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீத வாய்ப்பு. சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இது வரும், அரிதாக.

உண்மையில் தினசரிப் பாடு நுரையீரலோடுதான். அங்கேயும் சிலியா ஓடாததால் சளி தானாக மேலேறாது. பிசியோதெரபி செய்துதான் வெளியேற்ற வேண்டும். தறிக்குடோன், நார் மில் பக்கத்தில் வீடென்றால் தூசியில் கவனம். தடுப்பூசி ஒன்றும் விடக்கூடாது.

அப்புறம், உறுப்புகள் முழுசாக மாறியிருந்தால் குடல்வால் இடப்பக்கம் இருக்கும். இடது அடிவயிற்றில் கடுமையாக வலித்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.