பிட்டர் உதவியாளுக்கு எந்தப் படிப்பு? சங்கிலியை அடகு வைக்க முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் தேயிலை பெக்டரி ஒன்றில் 5 வருடமாக பிட்டருக்கு (இயந்திரங்களைப் பொருத்திப் பழுதுபார்ப்பவருக்கு) உதவியாக வேலை செய்கிறேன். வயது 24. சாதாரண தரத்தில் கணிதம் தவறிவிட்டது. கொழும்பில் 3 மாதத்தில் கைத்தொழில் இயந்திரப் பராமரிப்பு டிப்ளோமா தருவதாக விளம்பரம் பார்த்தேன். காசு கட்ட அம்மா தன் சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறார். சேரலாமா? அதை முடித்தால் நீர்மின் நிலையத்தில் வேலை கிடைக்குமா?

பதில்: தம்பி, சங்கிலியை இப்போது அடகு வைக்க வேண்டாம். கொழுந்தை உருட்டும் ரோலருக்கும் உலர்த்தும் ட்ரையருக்கும் நடுவில் 5 வருடம் நின்றிருக்கிறீர்கள். அந்த அனுபவத்தைச் சான்றிதழாக்க நம் நாட்டில் ஒரு வழி இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வீ.கியூ., 7 மட்டங்கள் கொண்டது. 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். வகுப்புக்குப் போகாமல் வேலைத்தளத்திலேயே பழகியவர்களுக்கு 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற முறை உண்டு. நைட்டா என்று நாம் சொல்லும் பயிலுனர் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் ஒருவர் உங்கள் வேலையைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், சில வேலைகளைச் செய்து காட்டச் சொல்வார். மட்டம் 3 அல்லது 4 இப்படிக் கிடைக்கும். சாதாரண தரக் கணிதம் இதற்குத் தடையில்லை. விண்ணப்பிக்கும்போதே மதிப்பீடு தமிழில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வேலை தெரிந்த எத்தனையோ பிள்ளைகள் மொழி புரியாமல் தடுமாறி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

விளம்பரத்தில் வரும் டிப்ளோமாவைப் பற்றி இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா? அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்குத் தரச்சான்று இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு. நிறுவனம் பதிவாகியிருந்தாலும், பாடநெறிக்குத் தரச்சான்று இல்லையென்றால் என்.வீ.கியூ. கிடைக்காது. அங்கே 'டிப்ளோமா' என்று அச்சடித்துத் தந்தாலும் அது மட்டம் 5 ஆகாது. 3 மாதத்தில் மட்டம் 5 முடிப்பதும் நடக்காத காரியம்.

இனி தொழிலுக்கு வருகிறேன். பிட்டரின் உதவியாளுக்கும் பராமரிப்புத் தொழிலாளிக்கும் நடுவே ஒரு படிதான் இருக்கிறது. உடைந்ததை மாற்றுவது முதல் வேலை. அது ஏன் உடைந்தது என்று தெரிந்துகொள்வது அடுத்தது. இதை எனக்குப் புரியவைத்தது, சுழலும் தண்டைத் தாங்கும் ஒரு பேரிங். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஒரு ரோலரின் பேரிங்கை ஒரே சீசனில் மூன்று தடவை மாற்றினோம். நான்காவது தடவை வயதான பிட்டர் ஒருவர் பழைய பேரிங்கை வீசவிடாமல் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தேய்மானம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது. நூல் ஒன்றை எடுத்து, பெல்ட் ஓடும் சக்கரங்களான இரண்டு புல்லிகளின் முகத்தோடும் ஒட்டிப் பிடித்தார். மோட்டார் புல்லி கால் அங்குலம் விலகியிருந்தது. அந்த நாளிலிருந்து பழைய பேரிங் எதையும் உடைத்துப் பார்க்காமல் நான் வீசியதில்லை. நீலம் பாய்ந்திருந்தால் சூடு ஏறியிருக்கிறது. பந்தோடும் பாதையில் சம இடைவெளியில் குழி விழுந்திருந்தால் பொருத்தும்போது சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். துருவென்றால் உள்ளே நீர் போயிருக்கிறது. கிரீஸையும் நிறைய அடைக்கக் கூடாது. உள்ளிருக்கும் வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும், அதற்கு மேல் போனால் சூடுதான் கூடும். கொழுந்து விழும் இடத்துக்கு மேலே உணவுத்தரக் கிரீஸ் மட்டுமே பாவிக்க வேண்டும். ஒரு துளி சொட்டினாலும் அந்தத் தேயிலையை வாங்குபவர் ஏற்கமாட்டார்.

அடுத்து மோட்டார். உங்களுக்கு அதிகம் பயன்படப் போவது இதுதான் என்று நினைக்கிறேன். 400 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை (பேஸ்) போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்காது. முனகிக்கொண்டே ஓடும். சுமை அப்படியே இருந்தால் மற்ற இரண்டு முனைகளிலும் மின்னோட்டம் கிட்டத்தட்ட 1.7 மடங்காகும். மின்னோட்டம் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே சரியாக அமைக்கப்படவில்லையென்றால் சில நிமிடங்களில் சுருள் எரிந்துவிடும். எரிந்த மோட்டாரைச் சுற்றக் கொடுத்துவிட்டு, கொன்டாக்டரில் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சில்) தளர்ந்த இணைப்பை யாரும் பார்க்காமல் விட்டால் அடுத்த மாதமும் அதே கதைதான்.

மலையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மோட்டார்களின் பெயர்ப்பலகையில் உள்ள கணக்கு, வேறு குறிப்பு இல்லாவிட்டால் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் வரையான உயரத்துக்குத்தான். நம் மேல்நாட்டு பெக்டரிகள் பல அதைவிட உயரத்தில் இருக்கின்றன. காற்று மெலிந்தால் மோட்டார் குளிர்வதும் குறையும். நுவரெலியாக் குளிர் அதை ஓரளவு ஈடுகட்டும். ஆனால் ட்ரையருக்குப் பக்கத்தில் இருக்கும் மோட்டாருக்கு அந்தக் குளிர் போய்ச் சேராது. மழைக்காலத்தில் இரண்டு நாள் நிறுத்தி வைத்த மோட்டாரின் உள்ளே ஈரம் படியும். ஓட்ட முன் 500 வோல்ட் மெகரால் (மின்காப்பைச் சோதிக்கும் கருவியால்) பாருங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் உலர்த்தாமல் ஓட்ட வேண்டாம்.

கணிதத்துக்குப் பயப்பட வேண்டாம். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடுகிறது, அதன் புல்லி 6 அங்குலம், மறுபக்கப் புல்லி 12 அங்குலம் என்றால் மறுபக்கம் 720 சுற்று ஓடும். தினமும் தேவைப்படும் கணக்கு பெரும்பாலும் இந்த அளவுதான். வேலையோடு சேர்த்துப் படித்தால் சீக்கிரம் பிடிபடும்.

பாதுகாப்பை நான் கெஞ்சிக் கேட்கிறேன். ரோலருக்குள்ளோ கொழுந்தை நறுக்கிச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்துக்குள்ளோ கை போக முன் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போடுங்கள். திறப்பு உங்கள் பொக்கெட்டில் இருக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கி, ஓடவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். மின்சாரம் போயிருக்கிற நேரம் பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். பழைய கைச்சுவிட்சு போட்ட இயந்திரம் மின்சாரம் திரும்பியதும் தானாகவே கிளம்பிவிடும். ஓடும் பெல்ட்டுக்கும் கியருக்கும் மறைப்பு இருக்க வேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்வது. மறைப்பைக் கழற்றினால் வேலை முடிந்த கையோடு திரும்பப் பூட்டுங்கள்.

நீர்மின் நிலையத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். லக்சபான தொகுதியும் தலவாக்கலையின் 150 மெகாவாட் மேல் கொத்மலையும் நம் ஊர் ஆறுகளில்தான் ஓடுகின்றன. நம் பிள்ளைகள் அங்கே வேலை செய்ய ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே ஒபரேட்டர் வேலை வேறு மாதிரியானது. ஸ்பேனரைத் தொடும் நேரம் குறைவு. பேரிங்கின் வெப்பம், எண்ணெய் அழுத்தம், நீர்மட்டம் எல்லாவற்றையும் குறித்த நேரத்துக்குப் பதிந்து, நேற்றைய எண்ணோடு இன்றைய எண் ஏன் ஒத்துவரவில்லை என்று பார்க்க வேண்டும். அதற்கு மின்சார அறிவு கட்டாயம். ஆகவே முதலில் இயந்திரப் பக்கத்துக்கு மட்டம் 3 அல்லது 4 எடுங்கள், அடுத்து எலெக்ட்ரீஷியன் பாடநெறி செய்யுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் விசாரியுங்கள். மட்டம் 5க்குப் போகும் நாள் வந்தால் கண்டியிலும் பதுளையிலும் தொழில்நுட்பவியல் கல்லூரிகள் இருக்கின்றன. பெரிய நிலையங்களுக்குக் கல்வித் தகுதியோடு போட்டியும் அதிகம். சிறிய தனியார் நீர்மின் நிலையங்களிலும் விண்ணப்பித்துப் பாருங்கள்.

இந்த வாரமே ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். பெக்டரியில் உள்ள ஒவ்வொரு மோட்டாரின் பெயர்ப்பலகையையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நீங்கள் கைவைத்த ஒவ்வொரு வேலைக்கும் திகதி, என்ன பழுது, என்ன காரணம், என்ன மாற்றினீர்கள் என்று நான்கு வரி. மாதக் கடைசியில், பெக்டரியில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் கையொப்பம் கேளுங்கள். சேவைக் கடிதத்தோடு இந்தக் கொப்பியையும் மதிப்பீட்டாளருக்கு முன்னால் வையுங்கள்.