நாளுக்கு இருபது சொல் எதற்கு?

கேள்வி: குளச்சலிலிருந்து தினமும் பஸ்ஸில் நாகர்கோவில் சென்று பி.காம். முதலாண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ்வழி. உயர்நிலை ஆங்கிலச் சொற்கள் என்ற பட்டியலிலிருந்து நாளுக்கு இருபது சொற்களை மனப்பாடம் செய்கிறேன். அடுத்த வாரம் பாதி மறந்துவிடுகிறது. மறக்காதவையும் எழுதும்போது கைகொடுப்பதில்லை. கட்டணச் செயலி ஏதாவது வாங்கலாமா?

பதில்: செயலி இருக்கட்டும். முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். அவற்றில் 'பல்க்ரிட்யூடினஸ்' போன்ற சொற்கள் தவறாமல் இருக்கும். 'அழகான' என்பதுதான் பொருள். ஆங்கிலேயரே வேடிக்கைக்குத்தான் அதைச் சொல்வார்கள்; உங்கள் கணக்கியல் நூலில் அதற்கு வேலையே இல்லை.

எந்தச் சொற்களுக்கு வேலை இருக்கிறது என்பதை ஆராய்ந்திருக்கிறார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர் கலை, வணிகம், சட்டம், அறிவியல் நூல்களிலிருந்து சுமார் 35 லட்சம் சொற்களைத் திரட்டி அலசினார். மிக அடிப்படையான சொற்களை ஒதுக்கிவிட்டு, எல்லாத் துறைகளிலும் அடிக்கடி வருகிற 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த மற்ற வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ பத்து சதவீதம் இவைதான். அசெஸ், அலகேட், ரெவின்யூ, ஃப்ளக்சுவேட் என்று பலவும் உங்கள் பாடத்துக்கு நெருக்கமானவை. பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதையும் முதல் வரியிலிருந்து உருப்போட வேண்டாம்; அதிலுள்ள ஒரு சொல் உங்கள் பாடநூலில் இரண்டாம் முறை கண்ணில் படும்போது எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஐந்து தாராளம்.

எழுதும்போது சொல் கைகொடுக்காததற்குக் காரணம் வேறு. பொருளை மட்டும் படித்திருக்கிறீர்கள். அந்தச் சொல் யாரோடு சேர்ந்து வரும் என்பதைப் படிக்கவில்லை. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் வானிலை எச்சரிக்கைக்குப் பஞ்சமில்லை. ஆங்கில நாளிதழில் அதைப் பாருங்கள்: மீனவர்கள் 'வெஞ்சர் இன்டு த ஸீ' கூடாது என்றிருக்கும். செய்தி என்னவென்று குளச்சல்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே கவனம் முழுவதும் சொல்லின் மேல் இருக்கும். வெஞ்சருக்குப் பின் இன்டு வருகிறது. அதே சொல் உங்கள் வணிகவியலில் ஜாயின்ட் வெஞ்சர், வெஞ்சர் கேப்பிடல் என்று வரும். ஆபத்து தெரிந்தே கடலில் இறங்குவதும், நட்டம் வரலாம் என்று தெரிந்தே முதல் போடுவதும் ஒரே துணிச்சல்தான். இப்படிச் சொற்றொடராகவே குறித்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியில் பெரும்பாலான சொற்களுக்கு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் உண்டு. பொருளைவிட அவைதான் முக்கியம்.

அடுத்து மறதி. புதிதாகப் படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே உதிர்ந்துவிடுகிறது என்பதை ஜெர்மனியின் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே தம்மையே சோதித்துக் காட்டினார். ஆகவே உங்கள் நினைவாற்றலைக் குறை சொல்லாதீர்கள். மறுபடி மறுபடி வாசிப்பதில் பெரிய பயனில்லை. மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எடுக்க வேண்டும். சிறு அட்டையின் ஒரு பக்கம் வாக்கியத்தை எழுதி, சொல்லுக்குரிய இடத்தைக் காலியாக விடுங்கள். மறுபக்கம் சொல்லும் தமிழ்ப் பொருளும். தமிழில் பொருள் எழுதக் கூடாது என்று சிலர் அதட்டுவார்கள், பொருட்படுத்த வேண்டாம். மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று எடுத்துப் பாருங்கள். தவறினால் அந்த அட்டை மீண்டும் மறுநாள் வரிசைக்கு. பஸ்ஸில் இடம் கிடைத்தால் பயணத்திலேயே முடிந்துவிடும்.

உச்சரிப்பை அகராதியின் ஒலிபெருக்கிக் குறியை அழுத்திக் கேளுங்கள். கடனைக் குறிக்கும் 'டெட்'டில் (debt) b எழுத்தும், 'ரிசீட்'டில் (receipt) p எழுத்தும் ஒலிக்காது. வணிகவியல் மாணவர் நேர்முகத் தேர்வில் இவற்றில் தடுமாறினால் உடனே தெரிந்துவிடும்.

செயலிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அட்டை முறையையே செய்துதரும் 'ஆங்கி' (Anki) என்ற செயலி கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இலவசம். ஆனால் பிறர் தொகுத்ததை இறக்கிக்கொள்ளாமல், உங்கள் பாடநூல் வாக்கியங்களை நீங்களே அதில் ஏற்றுங்கள்.