குட்டுபாலாங் முகாமில் தண்ணீரும் கழிப்பறையும்: கேட்டதும் சொன்னதும்

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்தில் குட்டுபாலாங் உள்ளிட்ட ரோஹிங்கியா அகதி முகாம்களில், மக்களே குழு அமைத்துப் பராமரிக்கும் தண்ணீர், கழிப்பறை வசதிகள் எப்படி நடக்கின்றன என்று மதிப்பிடும் வேலையில் இருந்தேன். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

சமூகப்பணி மாணவி: முகாமுக்குள் போனதும் முதலில் எதை எண்ணுவீர்கள் அக்கா?

எதையும் எண்ண மாட்டேன். எண்ணிக்கை ஏற்கெனவே தாளில் இருக்கும். தண்ணீர் திறக்கும் நேரத்துக்கு முன்பே குழாயடியில் போய் உட்கார்ந்துவிடுவேன். 2017 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி, சில மாதங்களிலேயே 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மியான்மரிலிருந்து எல்லை தாண்டி வந்தார்கள். மரம் வெட்டிய மண்குன்றுகளில் தார்ப்பாய்க் குடிசைகள், அவசரத்தில் இறக்கிய ஆழமில்லாத அடிபம்புகள், பக்கத்திலேயே மலக்குழிகள். தாளில் பம்புக் கணக்கு அழகாக இருந்தது. தண்ணீரில்தான் மலக்கிருமி. அப்படிப்பட்ட பம்புகள் பலவற்றைப் பிறகு மூடிவிட்டு ஆழ்துளை போட வேண்டியிருந்தது.

பொறியாளர் ஒருவர்: அளவுகோல் என்று ஒன்று வேண்டாமா? நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேடு எதற்கு?

வேண்டும்தான். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர், 250 பேருக்கு ஒரு குழாய், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தண்ணீர் எடுக்குமிடம் 500 மீட்டருக்குள். நானும் இதை வைத்துத்தான் தொடங்குவேன். ஆனால் 15 என்பதைச் சராசரியாகப் போட்டுவிட்டால் குன்றடியில் இருப்பவரின் தாராளம், உச்சியில் இருப்பவரின் பற்றாக்குறையை மறைத்துவிடும். அதனால் மேடு, பள்ளம் என்று பிரித்துத்தான் வீடுகளைத் தேர்ந்தெடுப்பேன். அதே மாவட்டத்தின் தெற்கே, டெக்னாஃப் பக்கத்து முகாம்களில் கதையே வேறு. நிலத்தடி நீர் சரியாகக் கிடைக்காது, கோடையில் லாரித் தண்ணீர்தான். அங்கே மழைக்காலத்தில் மட்டும் போய் அளந்துவிட்டு வருவது ஏமாற்று வேலை.

செவிலியர்: குளோரின் போட்ட தண்ணீர் குடித்தும் ஏன் வயிற்றுப்போக்கு?

குழாயடியில் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்துச் சோதனை மாத்திரை போட்டால், குளோரின் இருக்கும்போது இளஞ்சிவப்பாகும். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருந்தால் நல்லது. அதே தண்ணீர் பின்னால் வீடு வரை போய், கொல்ஷியிலிருந்து (நம் குடம்தான்) மறுபடி சோதித்தேன். நிறமே வரவில்லை. குடத்துக்கு மூடி இல்லை. பக்கத்தில் ஒரு குழந்தை கை முழுவதையும் உள்ளே விட்டுக் கோப்பையால் மொண்டு குடித்துக்கொண்டிருந்தது. குழாயில் மட்டும் சோதித்துவிட்டு 'பாதுகாப்பான நீர்' என்று எழுதியிருந்தால் என் அறிக்கைக்குப் பாராட்டு கிடைத்திருக்கும்.

ஆய்வாளர்: கழிப்பறை இருந்தும் பெண்கள் போவதில்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இதை ஆண் கணக்கெடுப்பாளரை அனுப்பிக் கேட்டால் 'எல்லாரும் போகிறோம்' என்றுதான் பதில் வரும். பெண்களை அனுப்பி, பெண்கள் மட்டும் இருக்கும்போது பேசவிட வேண்டும். மொழியும் முக்கியம். உள்ளூர்க் கணக்கெடுப்பாளர்கள் பேசும் சிட்டகாங் வட்டார வங்காளம் ரோஹிங்கியா மொழிக்கு நெருங்கியதுதான், ஆனால் இந்த மாதிரிப் பேச்சுக்கான சொற்களில் தடுமாறும்.

சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை என்றார் ஒரு பெண். இருட்டு, வழுக்கும் படி, ஆண்கள் நிற்கும் வழி, உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. குடிசை மூலையில் துணி கட்டி, தரையில் கொஞ்சம் சிமெண்டு பூசிக் குளிக்க ஒரு மறைப்பு செய்திருந்தார். பெரும்பாலான வீடுகளில் அப்படி ஒரு மூலை உண்டு, ஆனால் எங்கள் கையில் இருந்த கணக்கெடுப்புப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. நாங்கள் சேர்த்தோம். மாதவிலக்குத் துணியை எங்கே காயப்போடுகிறார்கள் என்ற கேள்வியையும் சேர்த்தோம்.

தொண்டு நிறுவன ஊழியர்: தண்ணீர்க் குழு நிஜமாக இயங்குகிறதா என்று எப்படித் தெரியும்?

கூட்டப் பதிவேட்டை நம்பாதீர்கள். ஒரே பேனா, ஒரே கையெழுத்தில் ஆறு மாதம் இருக்கும்! நான் கேட்பது ஒன்றுதான்: "கடைசியாக பம்பு எப்போது கெட்டது, யார் சரி செய்தார், வாஷர் எங்கே கிடைத்தது?" ஓர் இடத்தில் குழுத் தலைவர் யோசித்துக்கொண்டிருக்க, ஓரமாக நின்ற கிழவி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஸ்பேனரைக் காட்டினார். குழுவின் பட்டியலில் அவர் பெயரே இல்லை.

இன்னொன்று, மாஜி. 2017-ல் வட்டாரத் தலைவர்களாக அதிகாரிகள் நியமித்தவர்களை அப்படித்தான் அழைக்கிறார்கள். மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல. மாஜி பக்கத்தில் இருந்தால் குறை சொல்ல ஒருவரும் வாய் திறக்க மாட்டார். அவரோடு தேநீர் குடியுங்கள், நேர்காணலுக்கு மட்டும் தனியாகப் போங்கள்.

பொறியாளர் மறுபடியும்: கழிப்பறைக் குழி நிரம்பினால்?

குன்றுமேல் கழிவெடுக்கும் லாரி ஏறாது. பம்பும் நீளக் குழாயும் வேண்டும், இல்லாவிட்டால் பீப்பாயில் சுமந்துதான் இறக்க வேண்டும். கழிப்பறைக்குச் செலவழித்தவர்கள் இதற்கு ஒதுக்கினார்களா என்று கணக்கைப் பாருங்கள். குழுவின் தலையில் கட்டக்கூடிய வேலை இல்லை இது.

மாணவி: சோப்பு கொடுத்தால் கை கழுவுகிறார்களா?

கேட்டால் ஆமாம் என்பார்கள். நான் சோப்பைக் காட்டச் சொல்வேன். ஒரு நிமிடத்துக்குள் ஈரச் சோப்பு வந்தால் பயன்பாட்டில் இருக்கிறது. சில வீடுகளில் உறை பிரிக்காத சோப்பு வந்தது. விற்பதற்கு வைத்திருக்கிறார்கள். குறை என்று எழுத மனம் வரவில்லை, கையில் காசில்லாதவர் மீனும் மிளகாயும் வாங்க வேறென்ன செய்வார்? "நிவாரணப் பொருளாகப் பணமும் தேவை" என்று எழுதி வைத்தேன்.