சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக எரிவது ஏன்?

கேள்வி: பழைய குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு வீடு முழுக்க எல்இடி மாட்டினோம். படுக்கையறை பல்பு சுவிட்சை அணைத்த பிறகும் ராத்திரி முழுக்க மங்கலாக எரிகிறது. மாடிப்படி பல்பு சில விநாடிகளுக்கு ஒருமுறை பளிச்சென்று மின்னி அணைகிறது. கோளாறு பல்பிலா, வயரிங்கிலா? கரண்ட் பில் ஏறுமா? ஷாக் அடிக்குமா?

பதில்: பல்பு அநேகமாக நல்ல பல்புதான், திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். வயரிங்கில் மட்டும் ஒரு விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும்: உங்கள் சுவிட்ச் ஃபேஸை (கரண்ட் வருகிற, தொட்டால் ஷாக் அடிக்கிற வயர்) வெட்டுகிறதா, நியூட்ரலை (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) வெட்டுகிறதா என்று. சுவிட்ச் எப்போதும் ஃபேஸ் வயரில்தான் இருக்க வேண்டும். யாரோ அவசரத்தில் மாற்றிக் கொடுத்திருந்தால் சுவிட்சை அணைத்தால் பல்பு அணையும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும், ஆனால் ஹோல்டரில் முழு மின்னழுத்தம் நின்றுகொண்டிருக்கும். அணைத்துவிட்டோம் என்று நம்பி பல்பைக் கழற்றும்போது விரல் ஹோல்டருக்குள் பட்டால் ஷாக்தான். கடைசியில் சொல்லும் விதிவிலக்கைத் தவிர, இந்த மங்கல் வெளிச்சத்தில் கவனிக்க வேண்டிய ஆபத்து என்றால் இது ஒன்றுதான். வெளிச்சம் அந்த ஆபத்தை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இதை ஒரு எலக்ட்ரீஷியன் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவார். பல்பைக் கழற்றி வைத்துவிட்டு, சுவிட்ச் அணைந்த நிலையில் சுவிட்சின் இரண்டு முனைகளிலும் டெஸ்டர் வைக்க வேண்டும். ஒரு முனையில் நன்றாக எரிந்தால் ஃபேஸ் சுவிட்சுக்குத்தான் வருகிறது, சரி. இரண்டிலுமே எரியாமல் ஹோல்டரில் எரிந்தால் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். டெஸ்டரில் லேசாக, சந்தேகமாக ஒரு வெளிச்சம் வந்தால் அதை நம்பிவிடாதீர்கள். டெஸ்டரும் உங்கள் உடம்பு வழியாக ஓடும் மிக மிகச் சிறிய கரண்டில் எரிகிற சமாச்சாரம்தான், கீழே சொல்லப்போகிற கள்ளக் கரண்டும், அதாவது சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் நழுவி வரும் சொட்டுக் கரண்டும், அதை எரிய வைக்கும். அப்படி வந்தால் எலக்ட்ரீஷியன் வோல்டேஜ் அளக்கும் மீட்டர் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வயரிங் சரியாகவே இருக்கிறது, பிறகும் எரிகிறது என்றால் எங்கிருந்து கரண்ட் வருகிறது?

முதல் சந்தேகம் சுவிட்சின் மேல். அணைத்ததும் சுவிட்சில் ஒரு சின்ன ஆரஞ்சு அல்லது சிவப்புப் புள்ளி எரிகிறதா? இருட்டில் சுவிட்ச் எங்கே என்று தெரிவதற்காக வைத்திருக்கும் இண்டிகேட்டர் அது. அதற்கும் எரிய ஒரு முழுச் சுற்று வேண்டுமே, அது எந்த வழியாக ஓடுகிறது? உங்கள் பல்பு வழியாகத்தான். சுமார் அரை மில்லி ஆம்பியர் கரண்ட் இண்டிகேட்டரைத் தாண்டி பல்புக்குள் போய் நியூட்ரலுக்குப் போகிறது. 60 வாட் குண்டு பல்புக்கு 230 வோல்ட்டில் ஓடுவது சுமார் 260 மில்லி ஆம்பியர். அந்தக் கம்பிக்கு அரை மில்லி ஆம்பியர் ஓடுவதே தெரியாது, சூடு கூட ஏறாது. எல்இடி அப்படி இல்லை, மைக்ரோ ஆம்பியர் (மில்லி ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கிலேயே கண்ணுக்குத் தெரிகிற அளவு ஒளி விடும். குண்டு பல்பு காலத்திலும் இதே கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதைக் காட்டிக்கொடுக்க ஆள் இல்லை.

இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சிலும் இது நடக்கும், எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். சுவரின் குழாய்க்குள் ஃபேஸ் வயரும் சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகும் வயரும் ஒட்டி உரசிக்கொண்டு ஓடுகின்றன. இரண்டு செம்புக் கம்பிகள், நடுவே பிளாஸ்டிக் உறை: கேட்காமலே ஒரு கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைக்கும் பொருள், தயார். மாறுதிசை மின்சாரம் அதைத் தாண்டிப் போகும். பத்து மீட்டர் சேர்ந்து ஓடினால் அந்தக் கெப்பாசிட்டரின் கொள்ளளவு ஒரு நானோ ஃபாரட் அளவு வந்துவிடும், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியாக 70 மைக்ரோ ஆம்பியர் வரை போகலாம். எங்கும் எதுவும் தொடவில்லை, பல்பு எரிகிறது.

உங்கள் மாடிப்படி பல்பு ஏன் இதில் சிக்கியது என்பதும் இதிலேயே இருக்கிறது. கீழே ஒன்று, மேலே ஒன்று என்று டூவே சுவிட்ச் போட்டால் இரண்டுக்கும் நடுவில் இரண்டு வயர்கள் போகும், எந்த நிலையிலும் அவற்றில் ஒன்றில் ஃபேஸ் இருக்கும். பல்பு அணைந்திருக்கும்போது அது இணைந்திருப்பது அந்த ஃபேஸ் வயரை ஒட்டிப் படுத்திருக்கும் இன்னொரு வயரோடு. நீளமும் அதிகம். அது எரியாமல் மின்னுவதற்குக் காரணம் அந்தப் பல்பின் உள் சர்க்யூட். வருகிற சொட்டுக் கரண்டை உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்கிறது, சொட்டுகிற குழாயின் கீழே வைத்த குடம் மாதிரி. போதுமான வோல்டேஜ் ஏறியதும் டிரைவர் (எல்இடிக்கு வேண்டிய கரண்டைத் தரும் உள் சர்க்யூட்) விழித்துக்கொண்டு பல்பை எரிய வைக்கிறது, சேர்த்ததெல்லாம் ஒரு மின்னலில் தீர்கிறது, மறுபடி சேர்க்க ஆரம்பிக்கிறது. படுக்கையறை பல்பில் வேறு மாதிரி சர்க்யூட் இருக்கும், வருவதை அப்படியே எல்இடிக்கு விட்டுவிடுகிறது.

அணைத்ததும் சில விநாடிகள் மட்டும் மங்கலாக இருந்து தானாக அணைகிற பல்பு என்றால் அது இந்தக் கதையே இல்லை, உள்ளே மிச்சமிருந்த சார்ஜ் தீர்கிறது, விட்டுவிடுங்கள்.

பில்லைப் பற்றி: இண்டிகேட்டர் வழியாக வருவது நாள் முழுக்க ஓடினாலும் வருடத்துக்கு ஒரு யூனிட் அளவுதான். வயர் வழியாக வருவது அதைவிடவும் குறைவு. மங்கலாக எரிவதால் பல்பின் ஆயுளும் பெரிதாகக் குறையாது. மின்னுவதை மட்டும் சரிசெய்துவிடுவது நல்லது, ஒவ்வொரு மின்னலும் டிரைவருக்கு ஒரு புது ஸ்டார்ட்.

சரிசெய்வதற்குச் செலவு குறைந்த வழி பல்பை இடம் மாற்றிப் பார்ப்பது. சில பல்புகளில் இந்தக் கள்ளக் கரண்டை வடித்துவிட உள்ளேயே ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், அவை இங்கே எரியாது. இண்டிகேட்டர் சுவிட்ச் என்றால் சாதா சுவிட்ச் போட்டால் முடிந்தது. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் பல்புக்கு இணையாக, அதாவது ஹோல்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவே, 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வைத்தால் கள்ளக் கரண்ட் அதன் வழியாகப் போய்விடும், பல்பில் எரிய வைக்கும் அளவு வோல்டேஜ் நிற்காது. ஆனால் அது 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை என்று மேலேயே அச்சிட்டதாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தில் நேராக மாட்டுவதற்கென்றே செய்யும் வகை அது. வேறு எதையாவது மாட்டினால் வெடிக்கவோ தீப்பிடிக்கவோ கூடும். மாட்டும்போது மெயினை அணைத்துவிட்டு மாட்டுங்கள், சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு. பல வருடம் ஒழுங்காக அணைந்த அதே பல்பு, அதே சுவிட்ச், இப்போது திடீரென்று மங்கலாக எரிகிறது, சுவரில் ஈரம் தெரிகிறது அல்லது போர்டில் கருகிய வாடை வருகிறது என்றால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். வயரின் உறை எங்கோ கெட்டு கரண்ட் கசியலாம், அந்தச் சுற்றின் எம்சிபியை (மெயின் போர்டில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.