வாசகர் கேள்வி: கிட்டாரும் மிருதங்கமும்

கேள்வி: ராக் பேண்டில் கிட்டார் வாசிக்கிறேன். இப்போது கர்நாடக வயலின், மிருதங்கக் கலைஞர்களுடன் மோகன ராகத்தில் ஒரு பாட்டு அமைக்கிறோம். கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) போட்டால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?
– வாசகர், பெரம்பூர்

பதில்: முதலில் சுருதியை முடிவு செய்யுங்கள். மிருதங்கம் ஒரே சுருதிக்குக் கட்டப்பட்டது. ராக் பாட்டு போல நடுவில் ஸ்கேல் மாற்றினால் மிருதங்கம் அதோடு சேர்ந்து வராது. கட்டை என்பது சுருதியின் அளவு; இரண்டு கட்டை என்றால் மேற்கத்திய இசையின் 'டி'. கிட்டாரின் ஆறாம் தந்தியை 'இ'யிலிருந்து 'டி'க்கு இறக்குங்கள். கீழ்ஸ்தாயித் தந்திகள் மூன்றும் ச–ப–ச ஆகிவிடும். இரண்டரைக் கட்டை என்றால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போதும்.

சிக்கல் கார்டில்தான். மோகனத்தில் மத்யமமும் (ம) நிஷாதமும் (நி) கிடையாது. 'ஜி மேஜர்' போட்டால் மத்யமம் நுழையும். 'ஏ மேஜர்' போட்டால் நிஷாதம். ராகம் அங்கேயே கலைந்துவிடும். 'டி மேஜர்', 'பி மைனர்' தாராளமாகப் போடலாம். 'ஏ' வேண்டுமென்றால் 'ஏ'யும் 'இ'யும் மட்டும், பவர் கார்டாக. வயலின் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) பிடிக்கும் இடத்தில் அந்த ஸ்வரத்தை கார்டில் அழுத்தி நிறுத்தாதீர்கள், உரசும். அங்கே ச–ப போதும். இதைப் பழகுவதுதான் உண்மையில் கடினம், ஆனால் பாட்டின் அழகே அதில்தான்.

சென்னை ஈரக்காற்றில் மிருதங்கத் தோல் தளரும். ஏசி அறைக்குள் வந்தவுடன் சுருதி சேர்க்காமல், சற்று நேரம் விட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரம்ஸும் இருந்தால், தொப்பி (மிருதங்கத்தின் இடப்பக்கம்) ஒலிக்கும் இடங்களில் கிக்கை (காலால் அடிக்கும் பெரிய டிரம்) குறையுங்கள்.